சூடானால் நிற்கும் எம்ஜிபி

ஒரு கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் அது நல்ல பிரச்சினை. நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இருபது நிமிஷம் ஜம்மென்று ஓடி, திடீரென்று நின்று, பத்து நிமிஷம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிற கார் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளையாக நிற்கும். பல் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி காணாமல் போகிற கதைதான்.

இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட ஒரு காரைப் பற்றியது. என் பக்கத்து வீட்டுக்காரருடைய 1969 எம்ஜிபி. இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். நாங்கள் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டில். கார் பிறந்தது இங்கிருந்து தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில், அபிங்டன் ஊரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்ஜிபிக்கள் அங்கிருந்து வெளியே போயின. இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. கார்கள் இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காரின் பானெட்டைத் திறந்தால் 'அட, இதை எங்கேயோ பார்த்திருக்கோமே' என்று தோன்றும். தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இதில் இருப்பது பி.எம்.சி. 'பி சீரீஸ்' எஞ்சின், 1798 சிசி. நம் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இதே குடும்பத்தில் மூத்தது. ஆக மதுரையில் டாக்ஸி ஓட்டிய என் மாமாவுக்குத் தெரிந்த பாதி சமாச்சாரம் இங்கேயும் செல்லும். அந்த மாமா பிறகு வருவார்.

கார் மார்ச் மாதத்திலிருந்து சூடானால் நிற்க ஆரம்பித்தது. அவர் கொடுத்த கராஜில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டரையும் கழற்றிப் புதுப்பித்தார்கள். பில் வந்தது, பிரச்சினை போகவில்லை. மனைவி இறந்தபின் மனுஷர் வீட்டைவிட்டு வெளியே கிளம்புவதே இந்தக் காரை எடுக்கத்தான். ஆனால் எங்கே நிற்குமோ என்ற பயத்தில் அதுவும் குறைந்துபோனது. ஜூன் மாதம் ஒருநாள் வேலிக்கு மேலாகச் சொன்னார்: "விற்றுவிடப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் பார்க்க வருகிறார்."

இதற்கு நடுவில், மே மாதத்தில், நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் ஸ்பார்க் எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் மீதி புரியாது.

பொறி பிறக்கும் விதம்

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் நுனியில் அரை மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி. அதுவும் அழுத்தப்பட்ட காற்று பெட்ரோல் கலவைக்குள். அதைத் தாண்டிக் குதிக்கப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த வித்தையைக் காருக்கு ஏற்றபடி ஒழுங்காகச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் கெட்டரிங். 1910 வாக்கில் காடிலாக் கார்களில் அது வந்தது. அடிப்படை மாறாமல் 1970கள் வரை உலகத்தில் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அதே முறையில்தான் ஓடின.

காயில் என்பது ஒரே இரும்பு உள்ளகத்தைச் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. இன்னொன்று முடி மாதிரி மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. தடித்த சுருளில் கரண்ட் போகும்போது காந்தப்புலம் உருவாகிறது. பலர் நினைப்பது, கரண்ட் போகும்போது ஸ்பார்க் வருகிறது என்று. இல்லை. கரண்டை *நிறுத்தும்போதுதான்* வருகிறது. வேகமாகத் தண்ணீர் போகிற குழாயைச் சட்டென்று மூடினால் குழாயே 'டங்' என்று அதிருமே, அது மாதிரி. ஓடிக்கொண்டிருந்த கரண்டைத் திடீரென வெட்டினால் காந்தப்புலம் சரிகிறது, அந்தச் சரிவு மெல்லிய சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்புகிறது.

எவ்வளவு சட்டென்று வெட்டுகிறோமோ அவ்வளவு பலமான பொறி. வெட்டும் வேலையைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். நம் ஊர் மெக்கானிக்குகள் அதைப் 'பிளாட்டினம்' என்பார்கள். ஆரம்ப காலத்தில் அந்தத் தொடுமுனைகள் நிஜமாகவே பிளாட்டினத்தில் இருந்தன. பிறகு டங்ஸ்டனுக்கு மாறிவிட்டாலும் பேர் நிலைத்துவிட்டது.

பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் கரண்ட் நின்றுபோக விரும்பாது. அந்தச் சின்ன இடைவெளியையும் தாண்டித் தீப்பொறியாக ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் வெட்டு மெதுவாகிவிடும், பிளக்குக்குப் போகவேண்டிய பொறி செத்துப்போகும், பாயிண்ட்டும் கருகும். அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு கன்டென்சர். சுமார் 0.2 மைக்ரோஃபாரட். திறக்கிற நொடியில் கரண்டுக்கு 'இந்தா, இங்கே வா' என்று ஒரு சின்னத் தொட்டியைக் காட்டுகிறது. அதற்குள் பாயிண்ட் போதுமான தூரம் விலகிவிடும். காருக்குள் இருப்பதிலேயே மலிவான சாமான்களில் ஒன்று. அது போனால் வண்டி படுத்துவிடும்.

கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்கு 100 பொறி வேண்டும். ஒரு பொறிக்குப் பத்து மில்லிசெகண்ட். இந்தக் காரின் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் சுமார் 60 டிகிரி பாயிண்ட் மூடியிருக்கும். அதாவது காயில் நிரம்புவதற்கு ஆறு, ஏழு மில்லிசெகண்ட்தான் கிடைக்கிறது. பாயிண்ட் கேப்பை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள் என்று கையேடு ஏன் கறாராகச் சொல்கிறது என்றால் இதற்காகத்தான். கேப் அதிகமானால் மூடியிருக்கும் நேரம் குறையும், காயில் அரைகுறையாக நிரம்பும்.

இதுவரை சொன்னது பாதி வீடு: 12 வோல்ட் பக்கம். மீதி பாதி, உயரழுத்தம் போகும் பக்கம். காயிலின் நடுமுனையிலிருந்து ஒரு தடித்த வயர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு. அங்கே ஒரு கார்பன் குச்சி. அதற்குக் கீழே சுற்றும் ரோட்டர். ரோட்டரின் பித்தளை நுனியிலிருந்து மூடியின் ஓரத்தில் இருக்கும் நாலு முனைகளில் ஒன்றுக்கு. அங்கிருந்து பிளக். முறை 1, 3, 4, 2.

பழுது பார்க்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டு பாதியில் எது செத்தது என்பதைத்தான். அதைத்தான் நான் செய்யவில்லை.

என் முட்டாள்தனம்

'சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது' என்று கேட்டதுமே என் வாயில் வந்த வார்த்தை காயில். புத்தகத்தில் படித்தது அப்படி. உள்ளே இன்சுலேஷன் சூட்டில் விட்டுக்கொடுக்கும், ஆறியதும் சரியாகும். தப்பில்லை, அப்படி நடக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். தடித்த சுருளின் தடை 3.2 ஓம். இந்தக் காயிலுக்கு 3.1 முதல் 3.5 வரை சரி. அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே? 'சூட்டில் மாறும்' என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அவரைப் புதுக் காயில் வாங்க வைத்து மாட்டினேன்.

மாமாவுக்கு வாட்சப்பில் பேசியபோது திட்டினார். "மாப்ள, காயில்ல ஏன்டா கைய வச்ச? மொதல்ல பிளாட்டினத்தப் பாரு, அப்புறம் கன்டென்சரு, அப்புறம் ரோட்டரு மூடி. காயிலு கடைசி." நான் சிரித்துக்கொண்டேன். ஏனென்றால் கார் ஓடிக்கொண்டிருந்தது! ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அந்த இரண்டு வாரமும் இங்கே மழை, குளிர், 12 டிகிரி. அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஏ34இல் நடந்தது

ஜூனில் வெயில் வந்தது. விற்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அபிங்டனுக்குப் போய் வரலாம் என்றார், நானும் ஏறிக்கொண்டேன். திரும்பும்போது ஏ34. சவுத்ஹாம்டன் துறைமுகத்துக்கும் நடு இங்கிலாந்துக்கும் இடையே போகும் லாரிகளின் ராஜபாட்டை. பெரும்பாலான இடத்தில் ஓரம் ஒதுங்கத் தனி லேன் கிடையாது. நடுவில் வண்டி நின்றால் பின்னால் வருவது நாற்பது டன்.

முதலில் மேட்டில் ஏறும்போது மிஸ்ஸிங். பிறகு பின்னால் 'டப், டப்' என்று சைலன்சருக்குள் வெடிச் சத்தம். பிறகு இழுவை போய்விட்டது. அவர் முகம் வெளுத்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது இப்போதும் காதில் இருக்கிறது. அதிர்ஷ்டம், முன்னால் வண்டி ஒதுக்க ஓர் இடம் இருந்தது. கியரிலேயே உருண்டு அதற்குள் போய்ச் சேர்ந்தோம்.

அந்த உருளும் அரை நிமிஷத்தில் ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்தேன்.

இது எம்ஜிபிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம். இந்தக் காரின் ஆர்.பி.எம். மீட்டர் கேபிளில் ஓடுவதில்லை. காயிலின் 12 வோல்ட் பக்கத்துக் கரண்ட் வெட்டுப்படுவதை எண்ணித்தான் முள்ளை நகர்த்துகிறது. ஆக அது ஒரு இலவச சோதனைக் கருவி. எஞ்சின் வேலை செய்யாவிட்டாலும் கியரில் இருப்பதால் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது முள் படாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் 12 வோல்ட் பக்கம் அறுந்தது என்று அர்த்தம்: சாவி ஸ்விட்ச், காயிலுக்கு வரும் வெள்ளை வயர், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் சின்ன வயர், இதில் ஒன்று. முள் பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தால் எங்கோ லூஸ் தொடர்பு, அல்லது கன்டென்சர். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து சாவகாசமாக இறங்கினால் 12 வோல்ட் பக்கம் ஒழுங்காக வெட்டிக்கொண்டிருக்கிறது. கோளாறு உயரழுத்தப் பக்கம், அல்லது பெட்ரோல்.

எங்கள் முள் சாவகாசமாக இறங்கியது.

பெட்ரோலா? 'டப் டப்' சத்தம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே எரிந்த சத்தம் அது. பெட்ரோல் வராவிட்டால் எஞ்சின் பெரும்பாலும் இருமிக்கொண்டே மெலிந்து சாகும், இப்படி வெடிக்காது. இன்னொரு சோதனையும் செய்தோம். சாவியைப் போட்டால் பின்பக்கம் இருக்கும் எஸ்.யூ. பம்ப் 'டிக் டிக்' என்று சில முறை அடித்துவிட்டு நிற்க வேண்டும். நின்றால் கார்பரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியிருக்கின்றன. விடாமல் அடித்தால் பெட்ரோல் இல்லை அல்லது எங்கோ ஒழுகுகிறது. எங்களுடையது மூன்று டிக், மௌனம். மார்ச்சில் கராஜ்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் பம்ப் செலவு மிச்சம். ஆனால் அவர்களையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. இன்றைய பெட்ரோல் சூட்டில் கார்பரேட்டருக்குள்ளேயே ஆவியாகி வண்டியை நிறுத்துவது உண்மைதான். அவர்களும் என்னைப் போலத்தான், கேட்டதும் மனதில் தோன்றியதை மாற்றினார்கள்.

அடுத்து காயில். மூடியின் நடுவிலிருந்து தடித்த வயரைப் பிடுங்கி, அதன் நுனியை எஞ்சின் உடம்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். வெறுங்கையால் இல்லை, ரப்பர் பிடி உள்ள குறட்டால். பெட்ரோல் வாசனை இருந்தால் செய்யவே கூடாது. சாவியைப் போட்டு, மூடியிருக்கும் பாயிண்ட்டை பிளாஸ்டிக் பிடி ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திறந்துவிட்டால் 'சட்' என்று நீலப் பொறி குதிக்க வேண்டும். குதித்தது. கன்டென்சரும் சரி, பாயிண்ட்டும் சரி, காயிலும் சரி. எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள காரில் இந்த விளையாட்டு வேண்டாம். அங்கே அடித்தால் பலமாக அடிக்கும், சில மாட்யூல்கள் கெட்டும் போகும்.

காயில் வரை பொறி இருக்கிறது, பிளக்குக்குப் போகவில்லை. நடுவில் இருப்பது மூடி, ரோட்டர், வயர்கள். நாலு பிளக்கும் ஒரே நேரத்தில் போனதால் நாலுக்கும் பொதுவானது எது என்று பார்க்க வேண்டும். மூடியின் நடுக் கார்பன் குச்சி இடத்தில் இருந்தது. மிச்சம் ரோட்டர்.

ரோட்டரைச் சோதிப்பது எளிது. அதை அதன் இடத்திலேயே விட்டு, அதே வயரின் நுனியை ரோட்டரின் பித்தளைக்கு மேல் ஐந்து மில்லிமீட்டரில் பிடித்து, பாயிண்ட்டைத் திறந்துவிடுங்கள். நல்ல ரோட்டர் என்றால் பொறி குதிக்காது. பித்தளை ஒரு பிளாஸ்டிக் தொப்பிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது, பொறி போய்ச் சேர அங்கே வழியில்லை. குதித்தால், பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு அடியில் இருக்கும் இரும்புத் தண்டுக்கு, அதாவது எர்த்துக்கு, வழி கண்டுபிடித்துவிட்டது.

குதித்தது. ஒவ்வொரு தடவையும்.

டிக்கியில் ஒரு பழைய பிஸ்கட் டின். போன நவம்பரில் 'ஃபுல் சர்வீஸ்' செய்தபோது கழற்றிய பழைய பாயிண்ட், கன்டென்சர், ரோட்டர் எல்லாவற்றையும் கராஜ்காரர்கள் அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பழைய ரோட்டரைத் துடைத்து மாட்டினோம். முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்.

அவர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. எனக்குத்தான் உள்ளே உறுத்தியது. நாங்கள் அங்கே நின்று பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. பதினைந்து நிமிஷம் ஆறினால் இந்தக் கார் *எப்படியும்* ஸ்டார்ட் ஆகும்! காயிலை மாற்றிய அன்றும் இப்படித்தான் சிரித்தேன்.

ஃப்ரிட்ஜும் ஹேர் டிரையரும்

விட்டு விட்டு வரும் கோளாறில் 'மாற்றினேன், சரியாகிவிட்டது' என்பது ஆதாரம் இல்லை. நம் இஷ்டத்துக்குக் கோளாறை வரவழைக்கவும் போக்கவும் முடிந்தால்தான் ஆளைப் பிடித்தோம் என்று அர்த்தம். மறுநாள் காலை, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருந்தபோது, அவர் வீட்டு வாசலில் இதைச் செய்தோம். எஞ்சினின் சூட்டையும் ரோட்டரின் சூட்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

புது ரோட்டரை ஹேர் டிரையரில் ஐந்து நிமிஷம் காட்டிச் சூடாக மாட்டி, அதே வயர்ச் சோதனை. பொறி குதித்தது. அதையே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து எடுத்து மாட்டினோம். (பை எதற்கென்றால், ஈரம் படிந்தால் ஈரமே கரண்டைக் கடத்திவிடும், சோதனை கெட்டுப்போகும்.) பொறி இல்லை. மறுபடி சூடு: பொறி. மறுபடி குளிர்: இல்லை. மூன்று சுற்று, மூன்றிலும் அதேதான். பழைய ரோட்டரைச் சூடாக்கினாலும் குளிரவைத்தாலும் ஒரு பொறிகூட இல்லை. சோதனைகளுக்கு நடுவில் சாவியை அணைத்துவிட வேண்டும், மறந்தால் மூடிய பாயிண்ட் வழியாகக் கிட்டத்தட்ட நாலு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கொதித்துவிடும். ஒருமுறை மறந்தேன், கை சுட்டது.

ஆக எஞ்சின் சூடு ரோட்டரின் பிளாஸ்டிக்கை இளக்கியது, இளகியதும் பொறி கீழே இறங்கியது. மேட்டில் முதலில் தடுமாறியதற்கும் இதுவே விளக்கம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக்கைத் தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். பொறிக்குச் சுலபமான வழி ரோட்டர் வழியாக எர்த்துக்குப் போவதுதான்.

நவம்பரில் ரோட்டர் மாற்றினார்கள். குளிர்காலம் முழுக்கக் கார் ஷெட்டில். மார்ச்சில் முதல் ஓட்டம், முதல் நிறுத்தம். 'பிரச்சினை ஆரம்பிப்பதற்கு முன் கடைசியாக எதை மாற்றினீர்கள்?' என்ற கேள்வியை மே மாதம் நான் கேட்டிருந்தால் காயில் காசும் மிஞ்சியிருக்கும், ஏ34 பயமும் மிஞ்சியிருக்கும். நான் கேட்கவில்லை. புதுசு என்பதாலேயே அந்த ரோட்டரை நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய கார் வட்டாரத்தில் லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டல் செய்வது ஒரு மரபு. சென்னைக்காரர்களுக்கு இந்தப் பேர் பாடி பஸ் ஸ்டாப்பாகத்தான் அறிமுகம். பர்மிங்காம் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை அங்கே இருப்பதால் வந்த பேர். இந்தக் காரில் அந்தக் கிண்டலுக்கு வேலையில்லை. பல வருஷம் உழைத்த பழைய ரோட்டர் தாங்கியது, பெட்டி பிரித்த புதுசு தாங்கவில்லை. புதுசு யார் செய்தது என்று பெட்டியில் எந்தப் பேரும் இல்லை. இப்போது கிடைக்கும் மலிவான பாயிண்ட், கன்டென்சர், ரோட்டர் பலவற்றின் தரம் பற்றிப் பழைய கார்க்காரர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கழற்றிய பழையதை, அது ஓடிக்கொண்டிருந்தது என்றால், குப்பையில் போடாதீர்கள்.

'எல்லாத்தையும் தூக்கிட்டு எலெக்ட்ரானிக் மாட்டிடலாமே?' என்று சிலர் கேட்பார்கள். மாட்டலாம். பாயிண்ட்டும் கன்டென்சரும் போய் ஒரு சின்ன மாட்யூல் வரும், கேப் பார்க்கும் வேலை மிச்சம். ஆனால் அதே ரோட்டர், அதே மூடிதான் இருக்கும். ஆகவே இந்தக் கோளாறு அதனால் சரியாகியிருக்காது. மாட்யூல் ரோட்டில் செத்தால் உப்புத்தாளால் தேய்த்து ஓட்டவும் முடியாது. என் சொந்தக் கருத்து, மாட்டினாலும் டிக்கியில் ஒரு செட் பாயிண்ட் இருக்கட்டும்.

முள் பூஜ்யத்துக்கு விழும் வகைக்கும் ஒரு வார்த்தை. அதில் ஏமாற்றுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன வயர்கள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு வாக்குவம் இழுப்புக்கேற்ப முன்னும் பின்னும் அசையும், அதோடு வயர்களும் அசையும். வருஷக்கணக்கில் அசைந்து வெளித்தோல் முழுசாக இருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும். பார்த்தால் தெரியாது, மெல்ல இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீளும். இன்னொன்று, பாயிண்ட் மாட்டும்போது இன்சுலேஷன் வாஷரை வரிசை மாற்றிப் போடுவது. வயர்களின் நுனி பாயிண்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், அவை இரண்டுமே நடுவில் இருக்கும் தண்டைத் தொடக் கூடாது. மாற்றிப் போட்டால் ஸ்பார்க்கே வராது. இதில் மாட்டாத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை, மாமா உட்பட.

அந்தப் புது ரோட்டரை ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தேன். பித்தளையைப் பிடித்து வைக்க ஒரு ரிவெட் அடித்திருக்கிறார்கள். அதன் அடிமுனைக்கும் தண்டு நுழையும் குழிக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கூட இல்லை. அந்த இடத்தில் தலைமுடி அளவுக்குக் கறுப்பாக ஒரு கோடு. பழைய ரோட்டரில் ரிவெட்டே இல்லை. ரிவெட் இல்லாத வகையில் புதிதாக ஒன்று தேடி வாங்கி டின்னில் வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை இரவு அவர் அந்த வாங்க வருகிறவருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெயில் இருந்த மூன்று வாரத்தில் அபிங்டனுக்கு ஐந்து தடவை போய் வந்தார், இரண்டு தடவை நானும். இரண்டாவது தடவை கிளம்புவதற்கு முன், என் பிடிவாதத்தில், பழைய காயிலைத் திரும்ப மாட்டினோம். ஏ34இல் 28 டிகிரி வெயிலில் போய் வந்தது. புதுக் காயில் இப்போது பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.